தட்டை அடி இரும்புப் பானையும் வீட்டு இத்தாலியன் ஹெர்ப் ப்ரெட்டும்: டர்பன்ல இருந்து ஒரு ரிவ்யூ

இது ஒரு பானையைப் பத்தின ரிவ்யூ. மூடியோட வர்ற தட்டை அடி வார்ப்பிரும்புப் பானை. இங்க சவுத் ஆப்பிரிக்கால கேம்பிங் சாமான் விக்கிற கடை, ஹார்ட்வேர் கடை, பெரிய சூப்பர்மார்க்கெட் எல்லாத்துலயும் கிடைக்கும், ப்ரெட் பாட்னு கேட்டாலே எடுத்துக் குடுப்பாங்க. ஆனா பானையைப் பத்தி மட்டும் எழுதினா பாதி விஷயம்தான் தெரியும், அதுல நான் என்ன பண்றேன்னு சேர்த்து சொன்னாத்தான் வாங்கலாமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ண முடியும், அதனால வீட்டுல ஈசியா பண்ற இத்தாலியன் ஹெர்ப் ப்ரெட்டையும் முழுசா எழுதிடறேன்.

என் முடிவு என்னன்னா, வீட்டுல ப்ரெட் பண்ணனும்னு ஆசை இருக்கிறவங்க ஸ்டாண்ட் மிக்ஸருக்கும் ப்ரெட் மெஷினுக்கும் காசு சேர்க்கிறதுக்கு முன்னாடி இந்தப் பானையை வாங்குங்க. மாவு, ஈஸ்ட், காஞ்ச இலை எல்லாம் சாதாரண சூப்பர்மார்க்கெட் சரக்கே போதும். வித்தியாசம் முழுக்க இந்தப் பானையில இருக்கு. அதுல குறையும் இருக்கு, அதையும் ஒண்ணு விடாம சொல்றேன்.

ஏன் பானைன்னு கேப்பீங்க. வீட்டு அவன்ல, அதாவது பேக் பண்ற அடுப்புல, ப்ரெட் சரியா வரலைன்னா எல்லாரும் உடனே ஈஸ்ட் மேல பழி போடுவாங்க, இல்லைன்னா பிசைஞ்சது பத்தலைம்பாங்க. பெரும்பாலும் ரெண்டும் காரணம் இல்லை, ஆவிதான் காரணம். பேக்கரில ப்ரெட்டை உள்ள தள்ளின உடனே அவனுக்குள்ள ஆவி விடுவாங்க. முதல் பத்து பதினஞ்சு நிமிஷம் மேல் தோல் ஈரமா, இழுத்தா இழுபடற பதத்துல இருக்கணும், அப்பத்தான் உள்ள இருக்கிற காத்து சூட்டுல விரிஞ்சு ப்ரெட் எழும்பும். அதே ஈரத்துல மேல இருக்கிற ஸ்டார்ச் வெந்து கெட்டிப்பட்டு, அப்புறம் காயும்போது பளபளன்னு மொறுமொறுப்பான தோலா மாறும். வீட்டு அவன்ல, அதுவும் ஃபேன் ஓடற எலக்ட்ரிக் அவன்ல, ஆவி நிக்கவே நிக்காது. தோல் சீக்கிரம் காஞ்சு இறுகிடும், உள்ள இருக்கிற மாவுக்கு எழும்ப வழி இல்லாம பக்கவாட்டுல எங்கயாவது பிளந்துக்கிட்டு வரும். தட்டுல தண்ணி வை, ஐஸ் கட்டி போடு, ஸ்ப்ரே அடின்னு நிறைய யோசனை சொல்வாங்க, ஆனா கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் சூடு இறங்கிடும்.

நல்லா சூடேறின இரும்புப் பானைக்குள்ள மாவைப் போட்டு மூடிட்டா இந்தப் பிரச்சினையே இல்லை. அரை கிலோ மாவுக்கு 375 மில்லி தண்ணி ஊத்தறோம், அந்தத் தண்ணில ஒரு பங்கு ஆவியாகி வெளிய போக வழியில்லாம பானைக்குள்ளயே சுத்தும். தனியா ஆவி விட வேண்டிய அவசியமே வராது. கனமான இரும்பு பிடிச்சு வச்சிருக்கிற சூடு அடியில இருந்து ஒரே சீரா ஏறும், அதனால அடி வெளுத்துப் போய் இருக்கிற பிரச்சினையும் கிடையாது.

இது புதுசா யாரும் கண்டுபிடிச்சதும் இல்லை. நியூயார்க்ல சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரி நடத்தற ஜிம் லேஹி, சிற்பம் படிக்க இத்தாலி போன இடத்துல ரொட்டி கத்துக்கிட்டு வந்தவர், பிசையவே பிசையாம ராத்திரி முழுக்க ஊற வச்சு மூடி போட்ட பானையில சுடற அவரோட முறை 2006ல பத்திரிகையில வந்த பிறகுதான் உலகம் முழுக்க வீடுகள்ல பரவுச்சு. ஆனா இந்த நாட்டுல ஆஃப்ரிகான்ஸ் பேசற ஜனங்க ரொம்ப காலமாவே பொட்ப்ரூட்னு இரும்புப் பானையில ரொட்டி சுட்டுட்டுத்தான் இருக்காங்க, கரி நெருப்புல, மூடி மேலயும் நாலு கங்கு வச்சு. இங்க விக்கிற பானை மூடியில ஓரம் கொஞ்சம் தூக்கின மாதிரி இருக்கே, அது கங்கு கீழ விழாம இருக்கத்தான். அதனாலதான் வெளிநாட்டுல பெரிய விலை குடுத்து வாங்கற சாமான் இங்க ஹார்ட்வேர் கடையில தரையில அடுக்கி வச்சிருக்கு.

வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்துல கவனமா இருங்க. இங்க பொய்க்கின்னு சொல்ற இரும்புப் பானை ரெண்டு விதம். மூணு கால் வச்சு வயிறு பெருத்து இருக்கிறது ஒண்ணு, அது வெளிய நெருப்புல குழம்பு, ஸ்டூ வைக்க. அவன்ல கம்பித் தட்டு மேல அது நேரா நிக்காது, ப்ரெட்டுக்கு அதை வாங்காதீங்க. கால் இல்லாம அடி தட்டையா இருக்கிறதுதான் நமக்கு வேணும். என்னோடது உள் விட்டம் 25 சென்டிமீட்டர், அரை கிலோ மாவுக்கு அது சரியான அளவு. பெருசா வாங்கினா மாவு அகலமா பரவி ப்ரெட் தட்டையாயிடும்.

இப்ப குறைகள். என் பானை மூடி முழுசா உக்காரலை, ஒரு பக்கம் அழுத்தினா மறுபக்கம் லேசா தூக்குது. கடையில திருப்பிக் கேட்டப்ப பெட்டியைப் பிரிச்சாச்சு, மாத்தித் தர முடியாதுன்னுட்டாங்க, மேனேஜரைப் பாக்கணும்னு சொன்னதுக்கும் நாளைக்கு வாங்கன்னு சொன்னாங்களே தவிர ஒண்ணும் நடக்கலை. ஒரு ஃபாயில் ஷீட்டை நடுவுல வச்சு மூடியை அழுத்தினா ஆவி தப்பாம இருக்கு, வேலை நடக்குது, ஆனாலும் புதுசா காசு குடுத்து வாங்கின பொருள் அப்படி இருக்கக்கூடாது. கடையிலயே மூடியைப் போட்டு ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வாங்குங்க.

ரெண்டாவது துரு. டர்பன்ல கடல் காத்து, ஈரப்பதம், கழுவி ஈரத்தோட வச்சா ராத்திரிக்குள்ள ஆரஞ்சு கலர்ல புள்ளி வந்துடும். எனாமல் பூசாத பச்சை இரும்பு இது. வாங்கின உடனே சுடுதண்ணில நல்லா தேச்சுக் கழுவி, அடுப்புல வச்சு ஈரம் போகக் காய வச்சு, உள்ள வெளிய மூடி எல்லாத்துலயும் எண்ணெய் மெல்லிசா தடவி, தடவினது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துணியால துடைச்சுட்டு, 200 டிகிரில ஒரு மணி நேரம் அவன்ல கவுத்து வச்சு எடுக்கணும். எண்ணெய் அதிகமா இருந்தா பிசுபிசுன்னு ஒட்டும். தோசைக்கல்லை பழக்கி எடுத்தவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், அதே வேலைதான். பழகின பிறகு ப்ரெட் சுட்டு முடிஞ்சா வெறும் துணியால துடைச்சு வச்சாப் போதும், அதுல புளிக்குழம்பு மட்டும் வைக்காதீங்க, புளி பட்டா பூச்சு போயிடும்.

மூணாவது கனம். 230 டிகிரி சூட்டுல இருக்கிற இரும்பை அவன்ல இருந்து குனிஞ்சு தூக்கணும். மணிக்கட்டு வலி இருக்கிறவங்க, வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க சமையலறையில ஓடற வீடு, இவங்க யோசிச்சு வாங்குங்க. மெல்லிசு கையுறை ஆகாது, தோல் கையுறை இல்லைன்னா தடிமனான துணி மடிச்சுப் பிடிக்கணும். மூடியைக் கழட்டி வச்ச பிறகு அது மேல ஒரு துணியைப் போட்டு வைங்க, கறுப்பா இருக்கு, சூடா இருக்குன்னு பாத்தாத் தெரியாது, யாராவது தெரியாம தொட்டுடுவாங்க.

சரி, ப்ரெட்டுக்கு வருவோம்.

மாவு அரை கிலோ. இங்க ரெண்டு வகை மாவு எல்லாக் கடையிலயும் இருக்கும், கேக் ஃப்ளவர், வைட் ப்ரெட் ஃப்ளவர். அமெரிக்கக்காரங்க கேக் ஃப்ளவர்னு சொல்றது புரதம் ரொம்பக் கம்மியான மாவு, அதுல ப்ரெட் வராது. இங்க சவுத் ஆப்பிரிக்கால விக்கிற கேக் ஃப்ளவர் அது இல்லை, கிட்டத்தட்ட சாதாரண மைதா, வீட்டுல எல்லாரும் எல்லாத்துக்கும் எடுக்கிறது, அதுலயே ப்ரெட் நல்லாவே வரும். ஆனாலும் பாக்கெட் பின்னாடி இருக்கிற அட்டவணையைப் பாத்து நூறு கிராமுக்குப் புரதம் அதிகமா இருக்கிறதை எடுங்க, 12 கிராம் பக்கம் இருந்தா நல்லது, மாவு ரொம்ப இளகாம நிக்கும். 2019 ஏப்ரல்ல இருந்து இந்த ரெண்டு மாவுக்கும் வாட் வரி கிடையாது, கடையில விக்கிற வெள்ளை ப்ரெட்டுக்கு 15 சதவீதம் உண்டு. அந்தக் கணக்குல பாத்தாலும் வீட்டுல சுடறது நமக்கு லாபம்தான்.

ஈஸ்ட் இன்ஸ்டன்ட் ட்ரை ஈஸ்ட், ஆங்கர் பத்து கிராம் பாக்கெட் போதும், நம்பகமா இருக்கு, வெதுவெதுப்பான தண்ணில சர்க்கரை போட்டு நுரைக்க விடணும்ங்கிற வேலை கிடையாது, நேரா மாவுல கலந்துடலாம். ராத்திரி முழுக்க ஊறப் போற மாவுக்கு கால் டீஸ்பூன்தான் வேணும். ஒரு பாக்கெட்டை முழுசா கொட்டினா சீக்கிரம் பொங்கும், ஆனா ப்ரெட்ல ஈஸ்ட் வாசனை மட்டும்தான் நிக்கும், இலை வாசனையை அது அமுக்கிடும். மீதியை இறுக்கமா மூடற டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு பாக்கெட்டுல பத்து ப்ரெட்டுக்கு மேல வரும். உப்பு பத்து கிராம், ரெண்டு டீஸ்பூன்க்கு கொஞ்சம் கம்மி.

இப்ப முக்கியமான இடம், அந்த இலைகள். இத்தாலியன் ஹெர்ப்ஸ்னு டப்பால விக்கிற கலவையை இத்தாலியில யாரும் எடுத்து எல்லா ரொட்டியிலயும் போடறதில்லை. லிகுரியா பக்கம் ஃபொக்காச்சாங்கிற தட்டை ரொட்டில ஆலிவ் எண்ணெயும் உப்பும் போடுவாங்க, சில சமயம் ரோஸ்மேரி, டஸ்கனில ரொட்டில உப்பே போட மாட்டாங்க. நாம சாண்ட்விச் கடையில சாப்பிட்டுப் பழகின இத்தாலியன் ஹெர்ப் ப்ரெட் வெளிநாட்டுல உருவான ருசி. அதுல தப்பு ஒண்ணும் இல்லை, நல்ல ருசிதான், ஆனா டப்பாவை நம்பி இருக்க வேண்டாம், நாமளே கலந்துக்கலாம். நான் முதல்ல வாங்கின ரெடிமேட் கலவை டப்பாவுல பாதி குச்சி, மீதி தூள், பொருள் பட்டியல்ல முதல் பேரே உப்பு. இலைக்குக் காசு குடுக்கிறோமா உப்புக்குக் காசு குடுக்கிறோமான்னு கோவம்தான் வந்துச்சு. தனித்தனியா வாங்குங்க.

என் அளவு இது: காஞ்ச ஒரிகானோ ரெண்டு டீஸ்பூன், இங்க பாட்டில்ல ஒரிகானம்னு போட்டிருக்கும், தைம் ஒரு டீஸ்பூன், ரோஸ்மேரி ஒரு டீஸ்பூன் கையால நல்லா நொறுக்கினது, பேசில் ஒரு டீஸ்பூன். மார்ஜரம் இருந்தா அரை டீஸ்பூன், இல்லைன்னா விட்டுடுங்க. ஒரிகானோ, தைம், ரோஸ்மேரி இந்த மூணும் காஞ்சாலும் வாசனை போகாது, எண்ணெய்ச் சத்து அதிகம். பேசில் அப்படி இல்லை, காஞ்ச பேசில்ல பாதி வாசனை போயிடும், அதனால சாப்பிடும்போது பச்சை பேசில் ரெண்டு இலை மேல கிள்ளிப் போட்டா அதுதான் ருசி. இந்த எல்லாச் செடியும் நம்ம துளசி, கற்பூரவல்லி குடும்பம்தான். தைம்ல இருக்கிற தைமால்தான் நம்ம ஓமத்துலயும் இருக்கு, அதனால சவுத் ஆப்பிரிக்கத் தமிழ் வீட்டுல தைம் ஒண்ணும் அந்நியச் சரக்கு இல்லை, மீன் குழம்புலயும் பிரியாணிலயும் கறிவேப்பிலையோட ஒரு கொத்து தைம் போடறதை இங்க வந்துதான் நான் பாத்தேன், இப்ப எனக்கும் அது இல்லாம குழம்பு குழம்பாவே தெரியறதில்லை. டர்பன்ல வார்விக் பக்கம் 1910ல இருந்து நடக்கிற எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குப் போனா கொத்தமல்லிக் கட்டு வாங்கற இடத்துலயே பச்சைத் தைம் கேட்டுப் பாருங்க. பச்சையா போடறதா இருந்தா காஞ்சதைப் போல மூணு மடங்கு எடுங்க.

அளவை இதுக்கு மேல ஏத்தாதீங்க. ஒரிகானோல இருக்கிற கார்வக்ரால், தைம்ல இருக்கிற தைமால் ரெண்டும் கிருமியைக் கொல்ற குணம் உள்ளது, ஈஸ்ட்டும் ஒரு உயிர்தான், அள்ளிக் கொட்டினா மாவு எழும்ப சுணங்கும். பச்சைப் பூண்டும் அப்படித்தான், நசுக்கிப் போட்டா ஈஸ்ட்டையும் மந்தமாக்கும், மாவையும் இளக்கி விட்டுடும். பூண்டு வேணும்னா எண்ணெய்ல மெதுவா வேக வச்சுப் போடுங்க.

அந்த எண்ணெய்தான் என்னோட முறையில ரொம்ப முக்கியம். ரெண்டு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், வெஸ்டர்ன் கேப்ல விளையறது இங்க நல்ல தரமா கிடைக்குது, அதை சின்னக் கரண்டில ஊத்தி, சின்னத் தீயில வெதுவெதுப்பா சூடு பண்ணி, அடுப்பை அணைச்சுட்டு, கலந்து வச்ச இலைகளை அதுல போட்டு மூடி வைங்க. பொரிய விடக்கூடாது, கசந்துடும். இந்த இலைகளோட வாசனை தண்ணில அவ்வளவா கரையாது, எண்ணெய்ல கரையும், அதனால காஞ்ச இலையை அப்படியே மாவுல தூவினா அங்கங்க கறுப்புப் புள்ளியா நிக்குமே தவிர ப்ரெட் முழுக்க மணக்காது. எண்ணெய்ல ஊறினா ஒவ்வொரு துண்டும் மணக்கும். முழுசா ஆறின பிறகுதான் மாவுல ஊத்தணும், 60 டிகிரிக்குப் பக்கம் போனாலே ஈஸ்ட் செத்துடும்.

ராத்திரி சாப்பாடு முடிஞ்ச பிறகு பெரிய பாத்திரத்துல மாவு, உப்பு, ஈஸ்ட் கலந்து, ஆறின இலை எண்ணெயை ஊத்தி, 375 மில்லி பச்சைத் தண்ணி விட்டு கரண்டியால கிளறுங்க. காஞ்ச மாவு எங்கயும் தெரியாத அளவுக்குக் கிளறினாப் போதும், அஞ்சு நிமிஷ வேலைகூட இல்லை. பாக்க உளுந்து வடைக்கு அரைச்ச மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், சப்பாத்தி மாவு பிசைஞ்சு பழகின கைக்கு இன்னும் கொஞ்சம் மாவு போடலாமான்னு தோணும், போடாதீங்க. அந்தத் தண்ணிதான் பின்னாடி ஆவியாகப் போகுது, அந்தத் தண்ணிலதான் ராத்திரி முழுக்க க்ளூட்டன், அதாவது மாவை இழுபட வைக்கிற புரதம், தானா பின்னிக்குது, நாம பிசையாததுக்கு பதிலா நேரம் அந்த வேலையைச் செய்யுது. மூடி போட்டு மேடை மேலயே வச்சுடலாம்.

நேரம் விஷயத்துல வெளிநாட்டு ரெசிப்பியை அப்படியே எடுக்காதீங்க. அதுல 12ல இருந்து 18 மணி நேரம்னு இருக்கும், அது அவங்க ஊர் குளிருக்கு. டர்பன்ல ஜனவரி பிப்ரவரிதான் கோடை, ராத்திரியும் புழுக்கம், எட்டு ஒன்பது மணி நேரத்துல மாவு ரெண்டு மடங்காகி மேல குமிழ் குமிழா வந்துடும், அதுக்கு மேல விட்டா புளிச்சு, தண்ணியா இளகி, பானையில போட்டா படுத்துடும். கோடையில ஃப்ரிட்ஜ் தண்ணி ஊத்திக் கலந்து வைங்க, ஏசி இல்லாத வீடுன்னா அது ரொம்ப உதவும். இங்க குளிர்காலமான ஜூன் ஜூலைல பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், மேரிட்ஸ்பர்க் மாதிரி குளிர் ஊர்ல இன்னும் கொஞ்சம். கடிகாரத்தை விட மாவைப் பாருங்க, ரெண்டு மடங்கு, மேல குமிழ், பாத்திரத்தை ஆட்டினா மெதுவா குலுங்கணும், அதுதான் பதம்.

காலையில மேடைல மாவு தூவி, எழும்பின மாவை அது மேல கவுத்து, நாலு ஓரத்தையும் இழுத்து நடுவுல மடிச்சு, திருப்பிப் போட்டு உருண்டையாக்கி, ஒரு பேக்கிங் பேப்பர் மேல வச்சு துணி மூடுங்க. அது முக்கால் மணி நேரம் இருக்கட்டும். அதே நேரத்துல காலிப் பானையை மூடியோட அவனுக்குள்ள வச்சு 230 டிகிரில சூடேத்துங்க, குறைஞ்சது அரை மணி நேரம், அதைக் குறைக்காதீங்க, அவன் லைட் அணைஞ்சாலும் இரும்பு உள்ள வரைக்கும் சூடேற நேரம் ஆகும். பேப்பர் எத்தனை டிகிரி தாங்கும்னு அதோட பெட்டியில போட்டிருக்கும், பாத்து வாங்குங்க. அப்புறம் மேல கூர்மையான கத்தியால ஒரு கீறல் போட்டு, பேப்பரோட தூக்கி பானைக்குள்ள இறக்கி, மூடி போட்டு முப்பது நிமிஷம். மூடியைத் திறக்கும்போது ப்ரெட் எழும்பி வெளிர் நிறத்துல இருக்கும். இனிமே மூடி இல்லாம பன்னெண்டுல இருந்து பதினஞ்சு நிமிஷம், தோல் நல்லா செவக்கணும். தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல குத்திப் பாருங்க, 95 டிகிரி பக்கம் வந்தா வெந்தாச்சு.

மேல ஒரிகானோ தூவி அழகா எடுக்கிற படங்களைப் பாத்து நீங்களும் தூவாதீங்க. மூடி திறந்த பிறகு அந்தச் சூட்டுல வெளிய இருக்கிற இலை கருகிக் கசக்கும், பூண்டு இன்னும் மோசம். எல்லாம் உள்ளயே இருக்கட்டும். அலங்காரம் வேணும்னா சுட்டு எடுத்த உடனே எண்ணெய் தடவி கொஞ்சம் ரோஸ்மேரி ஒட்டுங்க.

எடுத்த பிறகு ஒரு மணி நேரம் வெட்டக்கூடாது. வீடு முழுக்க மணக்கும்போது அது கஷ்டம்தான், ஆனா உள்ள இருக்கிற ஸ்டார்ச் ஆறும்போதுதான் இறுகுது, சூட்டோட வெட்டினா கத்தில பிசின் ஒட்டும், நல்லா வெந்த ப்ரெட்டையே வேகலைன்னு நினைச்சுடுவோம். கம்பி ஸ்டாண்ட்ல வச்சா தோல் ஆறும்போது பட் பட்னு வெடிக்கிற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் இந்தப் பானை வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுல கேட்டதே இல்லை.

கரண்ட் விஷயமும் சொல்லணும், சவுத் ஆப்பிரிக்கால அதைச் சொல்லாம எந்த எலக்ட்ரிக் அவன் ரிவ்யூவும் முடியாது. 2023ல லோட் ஷெட்டிங் உச்சத்துல இருந்தப்ப எந்த நேரம் கரண்ட் இருக்கும்னு பாத்துத்தான் சமையலே. இந்த ப்ரெட் அதுக்கு ரொம்ப ஒத்து வந்துச்சு. ஊற வைக்க கரண்ட் வேண்டாம், பானை சூடேற அரை மணி, சுட முக்கால் மணி, அவ்வளவுதான். நடுவுல ஒரு தடவை மூடி போட்டிருக்கும்போதே கரண்ட் போச்சு, அவன் கதவைத் திறக்காம அப்படியே விட்டோம், அந்த இரும்பு வச்சிருந்த சூட்டுலயே உள்ள வெந்துடுச்சு, தோல் மட்டும் செவக்கலை. மெல்லிசு தகர டின்ல வச்சிருந்தா அன்னைக்கு மொத்தமும் வீணாப் போயிருக்கும். கரண்டே இல்லைன்னா வெளிய ப்ராய் அடுப்புல கரி போட்டும் இதே பானையில சுடலாம், அடியில கங்கு கம்மியா, மூடி மேல அதிகமா வைக்கணும், இல்லைன்னா அடி தீஞ்சுடும்.

எதோட சாப்பிடறது? எங்க பக்கத்து வீட்டு அக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்ல பொறந்து வளர்ந்தவங்க, நாலு தலைமுறையா இந்த மண்ணுல இருக்கிற குடும்பம், முதல் தடவை குடுத்தப்ப வெட்டிப் பாத்துட்டு அவங்க கேட்ட முதல் கேள்வியே “இதுல பன்னி போடலாமா கண்ணு?”ங்கிறதுதான். பன்றி இல்லைங்க, முழு ப்ரெட்டைக் குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்திச் சாப்பிடற பன்னி சௌ, டர்பன்காரங்களுக்கு ப்ரெட்னா அதுதான். நான் போட்டும் பாத்தேன், என்னைக் கேட்டா இதுல பன்னி போட வேண்டாம். பன்னிக்கு வேண்டியது கடை வெள்ளை ப்ரெட், வெட்டாத முழு ப்ரெட், மெத்துனு, தனக்குன்னு ருசி எதுவும் இல்லாம குழம்பை உறிஞ்சணும். இதுல தோல் கடினம், ரோஸ்மேரியும் டர்பன் மசாலாவும் ஒண்ணை ஒண்ணு விட்டுக் குடுக்காது. ஆனா அக்கா ஒத்துக்கலை, பீன்ஸ் கறி ஊத்திச் சாப்பிட்டுட்டு “எனக்கு இதான் பிடிச்சிருக்கு, நீ போ”ன்னுட்டாங்க. என் வீட்டுல தக்காளிச் சட்னி, பருப்பு, சூப், வெறும் ஆலிவ் எண்ணெய், இதுங்களோடதான் போகுது. மறுநாள் காலையில தோசைக்கல்லுல வெண்ணெய் போட்டு வாட்டி எடுத்தா பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு அதையே கேக்கறாங்க.

புரட்டாசியில இது ரொம்பக் கை குடுக்குது. இங்க தமிழ் பேசவே தெரியாத தமிழ்க் குடும்பங்கள்ல கூட புரட்டாசி மாசம் கறி, மீன், முட்டை எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க, அவ்வளவு பக்தியா கடைப்பிடிக்கிறாங்க. கடை ப்ரெட் வாங்கும்போது என்ன சேர்த்திருக்காங்கன்னு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கணும். இதுல முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை, நாம என்ன போட்டோம்னு நமக்குத் தெரியும். விரதம் இருக்கிற வீட்டுக்கு எதாவது கொண்டு போகணும்னா நான் இதைத்தான் சுட்டுக் கொண்டு போறேன், யாரும் தயங்காம கை நீட்டி வாங்கறாங்க, அது எனக்கு பெரிய சந்தோஷம்.

வைக்கிறது எப்படின்னா, நம்ம ஊர் ஈரத்துல பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சா தோல் நமத்துப் போகும், ரெண்டு மூணு நாள்ல பூஞ்சை வந்துடும். வெட்டின பக்கத்தைக் கீழ கவுத்து துணில சுத்தி வச்சா ஒண்ணு ரெண்டு நாள் தாங்கும். ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, அந்தக் குளிர்லதான் ஸ்டார்ச் சீக்கிரம் இறுகி ப்ரெட் காஞ்சு போகும், வெளிய வச்சதை விட மோசமாயிடும். மீந்தா துண்டு போட்டு ஃப்ரீசர்ல வைங்க, அப்படியே எடுத்து டோஸ்ட் பண்ணலாம்.

விலை கேப்பீங்க. நான் வாங்கினது ஆயிரம் ராண்டுக்குள்ள, எனாமல் பூசின பிரெஞ்சுப் பானையெல்லாம் பல ஆயிரம். எனாமல் இருந்தா துரு இல்லை, புளிக்குழம்பும் வைக்கலாம், கலரும் அழகா இருக்கும், ஆனா ப்ரெட் ருசில எனக்கு எந்த வித்தியாசமும் தெரியலை. தோழி வீட்டுல அதுல சுட்டதையும் சாப்பிட்டுத்தான் சொல்றேன். அவங்ககிட்ட ப்ரெட் மெஷினும் இருக்கு, அதுல வர்ற ப்ரெட் மெத்துனு நல்லாத்தான் இருக்கு, ஆனா தோல் இந்த அளவுக்கு மொறுமொறுப்பா வரலை, அடியில துடுப்பு போட்ட ஓட்டை வேற. இரும்புப் பானை வாங்க இஷ்டம் இல்லாதவங்க வீட்டுல ஏற்கனவே இருக்கிற அடி கனமான ஸ்டீல் பாத்திரத்துல முயற்சி பண்ணிப் பாக்கலாம், ஆனா மூடியும் கைப்பிடியும் முழுக்க உலோகமா இருக்கணும், பிளாஸ்டிக் குமிழ் இருந்தா அந்தச் சூட்டுல உருகிடும்.

வாங்கப் போறவங்க முதல்ல வீட்டு அவனோட உள் உயரத்தை அளந்துட்டுப் போங்க, தட்டைக் கீழ் வரிசையில வச்சு மூடியோட சேர்த்து பானை நுழையணும், கையுறை போட்ட கை உள்ள போய் வர மேல நாலு விரல் இடமும் வேணும். கண்ணாடி அடுப்பு இருக்கிறவங்க பானையை அது மேல இழுக்காதீங்க, கீறல் விழும், தூக்கி ஒரு மரப்பலகை மேல வைங்க. சைஸ்ல சந்தேகம் இருந்தா சின்னதையே எடுங்க, ரெண்டு ஆள் இருக்கிற வீட்டுக்கு 300 கிராம் மாவு, 225 மில்லி தண்ணின்னு எல்லாத்தையும் அதே விகிதத்துல குறைச்சுக்கலாம், மூடி போட்டு சுடற நேரத்துல மட்டும் அஞ்சு நிமிஷம் கம்மி பண்ணுங்க.